நாற்பத்தொரு வரியிலும் அவள் பெயர்

ஒரு பெண்ணை ஒன்பது வாரம் தடுப்புக்காவலில் இருத்தியது கணினியில் நான் எழுதிய ஒரு வினவல். அது பிழையானது என்பதை, அவளைக் கொண்டுபோன மூன்றாம் நாளே கண்டுகொண்டேன். அதன் பிறகு ஏழு வாரம் நான் வாய் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், நடுவில் நான் அடுக்கும் நியாயங்களை நீங்கள் நம்பிவிடக்கூடும்.

கண்டியிலுள்ள இளம் மென்பொருளாளர்கள் சிலர் தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தரவுத்தள வேலையில் ஒதுக்கிய சொற்களோடு முட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று, பழைய ஆள் என்ற முறையில் நாலு பக்கம். கேட்க வந்த இளைஞர் புறப்படும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இப்ப அது பெரிய விசயம் இல்ல அங்கிள். அந்த மாதிரி சொல்லு அடிச்சா கோட் எழுதுற எடிட்டரே நீலக் கலர்ல காட்டிரும். சும்மா ஒரு பழைய கதையா எழுதுங்க."

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மீது கோபப்பட எனக்கு அருகதை இல்லை என்பதும் பொறுக்கவில்லை. நீலமாகக் காட்டியிருந்தாலும் அன்றைக்கு நான் பார்த்திருக்கப் போவதில்லை. எனக்கு ஒரு மனுசியே வாயால் சொன்னாள். அதையே நான் கேட்கவில்லை.

வேறு தொழில் செய்பவர்களுக்காகச் சிறிது விளக்கம். தரவுத்தளத்தில் தகவல்கள் அட்டவணை அட்டவணையாக இருக்கும். அட்டவணையில் மேலிருந்து கீழாக நிரல்கள். ஒவ்வொரு நிரலுக்கும் நாம் ஒரு பெயர் வைக்கிறோம். தகவலை எடுப்பதற்கு எழுதும் கட்டளைதான் வினவல். அந்தக் கட்டளைகளுக்கென்று சில ஆங்கிலச் சொற்களை மென்பொருள் தனக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. செலக்ட், ஓடர், குரூப், இப்படிப் பல. அவற்றை நம்முடைய நிரல்களுக்குப் பெயராக வைக்கக் கூடாது. வைத்தால் பெரும்பாலும் மென்பொருள் உடனே மறுத்துவிடும். பிழை என்று திரையில் எழுதும். அது நல்லது.

சில சொற்களில் அப்படி மறுப்பு வராது. எங்கள் மென்பொருளில் 'யூசர்', அதாவது பயனர், அப்படி ஒன்று. வினவலில் வெறுமனே யூசர் என்று எழுதினால், இப்போது லொகின் செய்து உட்கார்ந்திருக்கும் ஆள் யார் என்று நாம் கேட்பதாக அது எடுத்துக்கொண்டு அந்த ஆளின் பெயரைக் கொடுக்கும். அட்டவணையில் அதே பெயரில் ஒரு நிரல் இருந்தாலும் அதைத் தொடாது. நிரலைத்தான் கேட்கிறேன் என்று காட்ட, பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். மறந்துபோனால் பிழைச் செய்தி வராது. விடைதான் வரும். வரி வரியாக, பார்க்க அழகாக, தவறான விடை.

பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தேன். கொழும்பில் பயிற்சி பெற்றேன். தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கதவை உடைத்தார்கள். பின்பக்கத்து வேலியால் குதித்துத் தப்பினேன். அதன் பிறகு கண்டிக்கு மாற்றம் கேட்டு வந்து, குண்டசாலையில் வீடெடுத்து, ஒரு அரச நிறுவனத்தின் பிராந்தியக் காரியாலயத்தில் தரவுப் பிரிவில் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரஸீன் சேர். பிலிமத்தலாவையிலிருந்து தினமும் ஏழே முக்கால் பஸ்ஸில் வருவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையின் வலது மூலையில் வைப்பார். அதன் பிறகு அவர் ஒரு தாளை வாசிக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று கடவுளுக்கும் தெரியாது. நாங்கள் எழுதிக் கொடுத்த வினவலை ஒரு அடிமட்டத்தால் மறைத்துக்கொண்டு, வரி வரியாகக் கீழே இறக்கி வாசிப்பார். பிழை இருந்தால் திட்ட மாட்டார். பச்சை மையால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். ஏன் என்று கேட்டால், "தெரியாட்டிப் போய் அலுமாரியப் பாருங்க" என்பார்.

அலுமாரிக் கதவில் தட்டச்சில் அடித்த பட்டியல் ஒட்டியிருந்தது. ஒதுக்கிய சொற்கள் அத்தனையும் நான்கு பத்தியில். புதிய அட்டவணை அமைப்பவர் ஒவ்வொரு நிரலின் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடி, இல்லை என்று கண்ட பிறகு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அது போதாதென்று இன்னொரு விதி: எந்த நிரலின் பெயருக்கும் முன்னால் அட்டவணையைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். வாசலில் காட்டும் பாஸ்களுக்கு ஒரு அட்டவணை என்றால் பாஸ்-இலக்கம், பாஸ்-திகதி, பாஸ்-யூசர். அப்படி வைத்தால் எந்த ஒதுக்கிய சொல்லோடும் மோத வழியில்லை. மேற்கோள் குறிக்குள் போட்டு மென்பொருளை ஏமாற்றும் வேலையை அவர் முற்றாகத் தடுத்திருந்தார்.

"மேற்கோள் போட்டா எடுக்குது தானே சேர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எடுக்கும். போடுற நீங்க மறக்க மாட்டீங்க. ரெண்டு வருசம் கழிச்சு வாற ஆளு மறப்பான். அந்த ஆளு நீங்களாவும் இருக்கலாம்" என்றார்.

இரண்டு வருடம்கூட எடுக்கவில்லை.

தெல்தெனியவுக்கு அப்பால் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வேலைத்தளம் இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். வாசலில் இராணுவக் காவல். உள்ளே போகும் ஒவ்வொரு லொறிக்கும் ஆளுக்கும் திகதியிட்ட பாஸ் வேண்டும். அந்தப் பாஸ் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்படி உத்தரவு வந்தபோது ரஸீன் சேர் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக நான் பொறுப்பு. பணிப்பாளர் இரண்டு நாள் அவகாசம் தந்தார். காகிதப் படிவத்தில் தலைப்புகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே கணினியிலும் இருக்க வேண்டும், ஓரெழுத்தும் மாறக் கூடாது என்றார். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் யூசர் என்று இருந்தது. எந்த உத்தியோகத்தர் பாஸைப் பதிந்தார் அல்லது மாற்றினார் என்பதற்கான கட்டம்.

படிவத்தில் இருப்பது வேறு, அட்டவணையில் வைக்கும் பெயர் வேறு, திரையில் எப்படியும் காட்டலாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. ஆனால் பதில் பொறுப்பில் இருக்கும்போது பணிப்பாளருக்கு மறுப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரட்டை மேற்கோள் போட்டு அதே பெயரை வைத்தேன். அலுமாரிப் பட்டியலைப் பார்த்ததாகப் பதிவேட்டில் கையெழுத்தும் இட்டேன். ரஸீன் சேர் திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினார். கையெழுத்து இருந்தது. அவர் நம்பினார்.

அடுத்த ஆண்டு வதனி வந்தாள். யாழ்ப்பாணம். அங்கு படிப்பைத் தொடர முடியாமல் கண்டிக்கு வந்து, குண்டசாலையில் ஒரு அறையில் தங்கியிருந்தாள். ஒப்பந்த அடிப்படையில் தரவுப் பதிவாளர் வேலை. வேகமாகப் பதிவாள், பிழை குறைவு. எங்கள் பிரிவில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பிரிண்டர் அவளுடைய மேசையோடு இணைந்திருந்தது. அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அறிக்கை எதுவானாலும், யார் எழுதிய வினவலானாலும், கடைசியில் வதனியின் லொகினில் ஓடி வதனியின் மேசையில்தான் அச்சாகும். ரஸீன் சேருக்கும் அது தெரியும். எங்கள் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

ஒரு நாள் வேலைத்தள வாசலில் ஒரு லொறியை மறித்தார்கள். அதன் பாஸ் எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. கணினியில் திகதி நீட்டப்பட்டிருந்தது. லொறியில் மணலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் மணல் லொறி என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். பாஸ் திகதிகளை மாற்றியது யார் என்று முழுப் பட்டியல் வேண்டும் என்றார் பணிப்பாளர். வினவலை நான் எழுதினேன். ஆறு வரி. மேற்கோள் குறி போட மறந்தேன்.

வழக்கம்போல் வதனியிடம் கொடுத்தேன். அச்சடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சேர், எல்லா வரியிலயும் என்ர பேர்தான் நிக்குது."

நான் வேறொரு வேலையில் குனிந்திருந்தேன். அறிக்கையின் தலைப்பில் அச்சடித்தவரின் பெயர் வருவது வழமை. அதைத்தான் சொல்கிறாள் என்று எண்ணினேன். எண்ணினேன் என்பதும் பொய். எண்ணவே இல்லை.

"பிரிண்ட் எடுக்குற ஆளு பேரு வரும்மா. மேல கொண்டுபோய்க் குடுத்துருங்க."

"ஓம் சேர்" என்றாள்.

மாடிப்படி ஏறி, தன் மீதான குற்றப்பத்திரிகையைத் தன் கையாலேயே பணிப்பாளரிடம் கொடுத்தாள்.

நாற்பத்தொரு மாற்றங்கள். நாற்பத்தொன்றிலும் அவள் பெயர். யாழ்ப்பாணத்துப் பெண், அறையெடுத்துத் தங்கியிருப்பவள், பாதுகாப்பு வலயத்துப் பாஸ்கள். பணிப்பாளர் தொலைபேசியை எடுக்க அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மாலை நான்கு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. அவள் கைப்பையை எடுக்கப் போனபோது விடவில்லை. என்னைப் பார்த்து, "சேர், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றாள். என்ன சொல்வதென்று எனக்கு அப்போது தெரியாது. அது உண்மை.

மூன்றாம் நாள் தெரிந்தது. கோப்புக்கு ஒரு பிரதி வேண்டும் என்று நிர்வாகப் பிரிவில் கேட்டார்கள். வதனியின் மேசைக்கு முத்திரை வைத்திருந்தபடியால், பழைய பிரிண்டர் ஒன்றைத் தட்டி எழுப்பி, அதே வினவலை என்னுடைய லொகினில் ஓட்டினேன். தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நாற்பத்தொரு வரி. நாற்பத்தொன்றிலும் என் பெயர்.

மேற்கோள் குறியைப் போட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது உண்மையான பெயர்கள் வந்தன. பெரும்பாலானவை சாதாரணத் திருத்தங்கள். திகதி கடந்த பாஸ்களை நீட்டிய ஆறு மாற்றங்களும் ஒரே ஆளுடையவை. நிர்வாகப் பிரிவில் இருந்த ஒரு மூத்த உத்தியோகத்தர். மணல் லொறிக்காரர்கள் அவருடைய அறைக்கு வந்துபோவது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மேலிடத்தில் சொந்தம் இருந்தது. வதனியின் பெயர் நான்கே நான்கு வரியில். எழுத்துப் பிழை திருத்தியவை.

என் பெயர் வந்த தாளைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பிலிமத்தலாவைக்குப் போய் ரஸீன் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணையில் வைத்த பெயர், பொய்க் கையெழுத்து, மறந்த மேற்கோள், எல்லாம்.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். உள்ளே கலியாண வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் துணி விரித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சொல்லத்தான் வேணும்" என்றார். பிறகு, "ஆனா இப்ப வாணாம். அடுத்த மாசம் மகளுக்குக் கலியாணம். பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. என்னையும் கூட்டிட்டுப் போய் விசாரிப்பாங்க. விசாரணையில அந்தப் புள்ள தப்பு இல்லண்டு தெரியவரும் தானே. நீங்க ஏன் முந்துறீங்க?"

ஒரு நிரலின் பெயர் பிழைத்தால் பச்சை மையால் வட்டம் போட்ட மனிதர். ஒரு பெண்ணைச் சும்மா பிடித்து வைத்திருப்பது அவருக்குக் கலியாணம் முடியும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமாகத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. மேலதிகாரி வேண்டாம் என்றுவிட்டார், இனி என் பொறுப்பு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஏழு வாரம் சாப்பிட்டேன், தூங்கினேன், சம்பளம் எடுத்தேன்.

என்னுடைய பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. நானும் தமிழன். கதவு உடைந்த சத்தத்தைக் கேட்டவன். வினவலை எழுதியது நான் என்று தெரிந்தால், நானும் அவளும் சேர்ந்து செய்தோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இதெல்லாம் உண்மை. அவளுக்கும் அத்தனை பயமும் இருந்திருக்கும். அவள் அதை உள்ளே இருந்து அனுபவித்தாள், நான் குண்டசாலையில் சாய்வு நாற்காலியில் இருந்து அனுபவித்தேன்.

ஏழாவது வாரம் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறப் பயண அனுமதி எடுத்து, தரைவழி மூடியிருந்ததால் கப்பலுக்குக் காத்திருந்து, பஸ் மாறி மாறி வந்திருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டு, கையில் குடை. கண்டியில் ஒரு பெண் சட்டத்தரணியைப் பிடித்து, அவர் மூலமாக அறிக்கையின் பிரதியொன்றைப் பெற்றிருந்தார். சட்டத்தரணி சிங்களவர், அந்த வழக்கை எடுக்க வேறெவரும் முன்வராதபோது எடுத்தவர். தபாலதிபர் எங்கள் காரியாலய நடைபாதை வாங்கில் காலையில் வந்து உட்காருவார். உள்ளே விட மாட்டார்கள். மாலையில் எழுந்து போவார். மூன்றாம் நாள் நான் தேநீருக்கு வெளியே வந்தபோது எழுந்து நின்றார்.

"தம்பி தமிழோ?"

"ஆமாங்க."

"கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆளெண்டு சொன்னவை. இதை ஒருக்காப் பாருங்கோ."

பட்டியலை விரித்தார். சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"என்ர பிள்ளை இஞ்ச வேலைக்குச் சேர்ந்தது சித்திரையில. இதில மாசியில நடந்ததுக்கும் அவளின்ர பேர் கிடக்கு. வேலைக்கு வராத ஆள் எப்பிடித் தம்பி மாத்தினது?"

அவர் விரலை அடுத்த கோட்டுக்கு நகர்த்தினார்.

"இன்னொண்டு பாருங்கோ. வெசாக் அண்டும் ஒரு மாற்றம் இருக்கு. அண்டைக்கு அரச விடுமுறை, கந்தோர் பூட்டு. அவள் தன்ர அறையில இருந்து எனக்குக் கடிதம் எழுதினவள். நான் முப்பது வருசம் திகதி முத்திரை குத்தின மனிசன். திகதி பாராமல் ஒரு காயிதத்தையும் கையால வாங்க மாட்டன். இதைப் பொலிசில காட்டினன். 'அப்ப இன்னும் கனகாலமாச் செய்திருக்கிறாள் போல' எண்டு சொல்லுகினம். இது என்ன கதை?"

ஏழு வாரம். பணிப்பாளர் பார்த்தார், பொலிஸார் பார்த்தார்கள், விசாரணை அதிகாரி பார்த்தார். அவள் காரியாலயத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கு முந்திய திகதிகள் அந்தத் தாளில் அச்சாகி, எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் கிடந்தன. ஒருவர்கூட இடது பக்கத்து நிரலை வாசிக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் போதுமாகிவிட்டது. எந்தக் கணினியும் தெரியாத ஒரு கிழவர் பென்சிலோடு உட்கார்ந்து கண்டுபிடித்தார்.

"என்ன தம்பி, ஒண்டும் சொல்லுறியள் இல்லை?"

"சட்டத்தரணி எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

தேநீர் குடிக்காமல் அவரோடு நடந்தேன். சட்டத்தரணியின் முன்னறையில் இரண்டு கதிரைகளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட முன்னரே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வினவல் என்னுடையது, அட்டவணை என்னுடையது, பிழை என்னுடையது என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். பிழை எல்லோருக்கும் வரும் என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்:

"எப்ப தெரியும்?"

"மூணாம் நாளு."

அவர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டுபோய் எதிர்ச் சுவரோரம் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பமிட்டேன். ஆனால் எழுத்தை யாரும் நம்பப் போவதில்லை, செய்துகாட்ட வேண்டும் என்றார் சட்டத்தரணி. பொலிஸ் பரிசோதகர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனோம். பணிப்பாளர் கொதித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் கழித்து இது என்ன நாடகம் என்று கேட்டார். அவருடைய மேசையில் இருந்த கணினியில், அவரே தன் லொகினைப் போடும்படி கேட்டேன். போட்டார். அந்த ஆறு வரியை நான் தட்டினேன்.

திரையில் நாற்பத்தொரு வரி இறங்கியது. நாற்பத்தொன்றிலும் பணிப்பாளரின் பெயர்.

பரிசோதகர் குனிந்து திரையை மேலிருந்து கீழாக வாசித்தார். நிமிர்ந்து சிங்களத்தில், "அப்படியென்றால் சேரையும் ஜீப்பில் ஏற்றவா?" என்று கேட்டார். சட்டத்தரணி வாயைக் கையால் மூடிக்கொண்டார். பணிப்பாளர் சிரிக்கவில்லை. திரையை அணைக்கச் சொன்னார்.

சரியான வினவலின் அச்சுப் பிரதி என் கையில் இருந்தது. ஆறு மாற்றத்துக்கும் உரிய அந்தப் பெயரோடு. நீட்டினேன். பணிப்பாளர் அதைத் தொடவில்லை.

"அது இப்போதைக்குத் தேவையில்லை" என்றார்.

பரிசோதகரைப் பார்த்தேன். அவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். தவறான தாளுக்கு ஜீப் நாலு மணிக்கு வந்தது. சரியான தாளை வாங்க ஒரு கை நீளவில்லை. அந்த உத்தியோகத்தர் பின்னர் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். பிரியாவிடைக்கு எனக்கும் அழைப்பு வந்தது.

மேலும் பத்து நாள் கழித்து வதனியை விட்டார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வேலை கொடுக்கவில்லை. தங்கியிருந்த அறையும் போயிருந்தது. கைப்பையை வாங்க வாசல்வரை வந்தாள். நான் முன்னால் போய் நின்றேன். என்னைக் கடந்து, காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு, பையை வாங்கிக்கொண்டு அப்பாவோடு போனாள். என்னை அடுத்த மாதம் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான்.

கோப்பில் ஒரு குறிப்பு இருந்தது: போதிய சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். சான்று இல்லை என்றால் என்ன பொருள்? செய்திருப்பாள், பிடிபடவில்லை என்பதுதான். அவள் அரச வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் அந்தக் குறிப்பு அவளுக்கு முன்னால் போய் நிற்கும். அதை மாற்றுவதையே என் பரிகாரம் என்று எடுத்துக்கொண்டேன். களஞ்சியத்திலிருந்து எழுதினேன், ஓய்வுபெற்ற பின்னும் எழுதினேன். பணிப்பாளர்கள் மாறினார்கள். சிலர் பதில் போடவில்லை. சிலர் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் நேரில் கூப்பிட்டு, பழையதைக் கிளறாதீர்கள் என்றார். எதைக் கிளறுகிறேன்? புதைத்தது அவர்கள், உயிரோடு இருப்பது அவள். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒரு புதிய பணிப்பாளர், கோப்பை எடுத்து முழுவதும் வாசித்தார். இரண்டு வாரத்தில் கடிதம் தந்தார். பாஸ் திகதிகளைச் சட்டவிரோதமாக மாற்றியதில் இந்த உத்தியோகத்தருக்கு எந்தத் தொடர்பும் இல்லை, பிழை நிறுவனத்துடையது, தடுத்து வைத்தது தவறு.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். விலாசத்தைத் தேடிப் பிடித்தேன். அவள் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறாள், மணமாகிவிட்டது என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு நானும் இரண்டு பக்கம் எழுதி, கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது.

"வதனி கதைக்கிறன்."

"அம்மா..." என்றேன்.

"கடிதம் கிடைச்சது சேர். நான் பள்ளிக்கூடத்தில. என்ர அவர்தான் கையெழுத்து வச்சு எடுத்தவர். கந்தோர்ச் சீல் அடிச்சுக் கிடந்தபடியா அவசரமெண்டு உடைச்சிட்டார்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு நான் சொல்லேல்லை. பிள்ளையளுக்கும் தெரியாது. அப்பாவும் நானும் ஊருக்கு வந்த அண்டே முடிவெடுத்தனாங்கள், ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு. அப்பா சாகுமட்டும் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியாதும்மா."

"ஓம். உங்களுக்குத் தெரியாது. அனுப்ப முன்னம் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு சொன்னாள்:

"ரண்டு நாளா அவருக்கு எல்லாம் சொன்னன். உள்ளுக்குள்ள நடந்ததும் சொன்னன். அவர் நல்ல மனிசன், கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியா ஒண்டே ஒண்டு கேட்டார். தெரிஞ்ச ஆள் ஏன் ஏழு கிழமை சொல்லேல்லை எண்டு. என்னட்டை அதுக்கு மறுமொழி இல்லை சேர். உங்களிட்டை இருந்தா நீங்களே அவருக்கு எழுதுங்கோ. எனக்கு எழுத வேண்டாம்."

வைத்துவிட்டாள்.

எழுத உட்கார்ந்தேன். கலவரத்தைப் பற்றி எழுதினேன், கிழித்தேன். ரஸீன் சேரைப் பற்றி, பணிப்பாளரைப் பற்றி, மணல் லொறிக்காரர்களின் கூட்டாளியைப் பற்றி எழுதினேன். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் கிழித்தேன். கடைசியில் அந்த மனிதருக்கு நான் அனுப்பியது மூன்று வரி:

அவர்கள் என்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். அவள் உள்ளே இருக்கும்வரை என்னைத் தேட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

இந்த இரண்டாவது வரியை அதற்கு முன் நான் எவரிடமும் சொன்னதில்லை. சட்டத்தரணியிடமும் சொல்லவில்லை, சத்தியக் கடதாசியிலும் எழுதவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான தபால் அட்டை வந்தது. அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. வேறெதுவும் வரவில்லை.